சொல்லாத மௌத்து

லிட்ரேச்சர் டீச்சருக்கு முன்னால் வாயைத் திறக்கவே எங்கள் ஆசிரியர் அறையில் பலருக்குப் பயம். அவர் ஏசுவார் என்ற பயமல்ல. வெளியிலிருந்து வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயில் மண்டையப் பிளக்குது" என்று யாராவது சொல்லி வைப்போம். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே, "ஹைப்பர்பலி" என்பார், மிகைப்படுத்திச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர். அதற்குப் பிறகு வெயிலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

எழுபதுகளின் கடைசியில் கல்முனைப் பக்கத்துப் பெண்கள் பாடசாலையொன்றில் நாங்கள் இருவரும் படிப்பித்தோம். அவர் ஆங்கில இலக்கியம், நான் மனையியல். என் வாய்க்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது, அது நல்ல பெயர் இல்லை. ஆகவே அவரோடு மல்லுக்கு நிற்பதற்கு அந்த அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

"உங்கட மெட்டபர அவிச்சிக் கறியாக்க ஏலுமா டீச்சர்?" என்று, உருவகத்துக்கு அவர் சொல்லும் ஆங்கிலப் பெயரை இழுத்து, ஒரு நாள் கேட்டேன்.

"ஏலுமே. அவிச்சிக் கறியாக்கிற எண்டு இப்ப சொன்னீங்களே, அதுவும் மெட்டபர்தான். உங்களுக்கே தெரியாம நல்லாச் சமைக்கிறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. எங்கள் சிநேகிதம் அப்படித்தான் தொடங்கியது.

என்னுடைய சமையல் வகுப்புக்கும் அவருடைய வகுப்புக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். நான் பிட்டுக்கு மா குழைக்கக் காட்டிக்கொண்டிருக்கும்போது அவருடைய பாடம் முழுவதும் என் காதில் விழும். ஓ.எல். வகுப்பில் இலக்கியம் எடுத்த பிள்ளைகள் மிகச் சிலர். அவர்களுக்கு அந்த ஆங்கிலப் பெயர்களெல்லாம் வேப்பெண்ணெய். கல்முனைச் சந்தைக்குள் ஒரு நடை போய்வந்தால் பாடம் முழுவதும் அங்கே கிடக்கிறது என்பது டீச்சரின் கட்சி. 'போல, மாதிரி' என்று வந்தால் சிமிலி. கடல் இன்றைக்குக் கோபமாக இருக்கிறது என்று கரைவலைக்காரர் சொன்னால் பர்சோனிஃபிகேஷன். மீன்காரர் முந்தாநாள் சூரையைத் தூக்கிப் பிடித்து, "உசிர் இன்னும் போகல்ல ராத்தா, பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கும்" என்றால், பிள்ளைகள் 'ஹைப்பர்போல்' என்று பிழையாக வாசிக்கிற அதே ஹைப்பர்பலி.

ஒரு தவணைப் பரீட்சையில், எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடக்கிற 'ஐரனி'க்கு உதாரணம் கேட்டிருந்தார். ஒரு பிள்ளை அதை அயன் பெட்டி என்று நினைத்து, "பெருநாளைக்கு முதல்நாள் உம்மா வாப்பாவின் சேர்ட்டை ஐரனி செய்தார்" என்று எழுதி வைத்துவிட்டது. நாங்கள் சிரித்துப் புரண்டோம். டீச்சர் அதற்குப் பாதிப் புள்ளி கொடுத்தார்.

"ஏன் டீச்சர் புள்ளி?" என்று கேட்டேன்.

"சேர்ட்ட அயன் பண்ணி வெச்சிட்டுப் பாத்திட்டிரிக்க, பெருநாளைக்கு ஆள் வராம விட்டா அது ஐரனிதானே? புள்ள பாதியில நிப்பாட்டிட்டா, அவ்வளவுதான்."

எல்லாப் பெயர்களுக்கும் முதல் அவர் பிள்ளைகளுக்குப் படிப்பித்தது ஒன்றைத்தான். பேச்சில் இரண்டு வகை. ஒன்று நேர்ப்பேச்சு, மற்றது சுத்துப்பேச்சு. யார் எதைச் சொன்னாலும் இது நேரா சுத்தா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சுத்துப்பேச்சில் எல்லாமே அவருக்கு விருப்பம், யூஃபமிசத்தைத் தவிர. சொல்லக் கூச்சப்படுகிறதையும் பயப்படுகிறதையும் துணி சுற்றிச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயராம். "மத்ததெல்லாம் சொல்லுக்கு நகை. இது சொல்லுக்கு முக்காடு" என்பார்.

எங்கள் ஊரில் அந்த முக்காட்டுக்குப் பஞ்சமில்லை. பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டோம், பூச்சி என்போம். கடையில் சீனி இல்லாவிட்டால் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள், "வரும்" என்பார்கள். வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவர் "போறன்" என்று சொல்லக்கூடாது, "வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வாய்ப்பழக்கம் இல்லாத ஒரே மனிதரை நான் டீச்சரின் வீட்டில்தான் கண்டேன். அது அவருடைய கணவர். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வந்து இருப்பார். அப்படி வந்தவர். சொந்தமாக ஒரு பழைய லொறி வைத்து, நாவிதன்வெளிப் பக்கத்து நெல்லை ஆலையில் குற்றி, அரிசியைக் கொழும்புக்கு ஏற்றிப் போவார். லொறியில் ஏறும்போது "போறன்" என்பார். போகிறவர் போகிறேன் என்றுதானே சொல்ல வேண்டும் என்பது அவர் நியாயம். கறியில் உப்பில்லாவிட்டால் "உப்பில்ல" என்பார். ஒரு முறை என் கறியையும் சொன்னார். மனையியல் டீச்சரின் கறியை!

"இவரோட குடும்பம் நடத்துற பெரிய கரைச்சல் கா" என்று டீச்சர் என்னிடம் குறைப்படுவார். "ஒரு நாளாவது நிலா மாதிரி இரிக்காய் எண்டு சொல்லக்கூடாதா? நான் எப்பிடி இரிக்கன் எண்டு கேட்டா, 'நல்லா இரிக்காய்' எண்டு சொல்றார், புள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டு எண்டு சொல்ற மாதிரி."

முகத்தில் குறை இருக்காது. அவர் குறை சொல்கிற மற்ற ஆட்களைப் பற்றிப் பேசும்போது கண் அப்படி மின்னியதில்லை.

ஒரு முறை அந்த மனிதர் கொழும்பிலிருந்து ஒரு மயில்நீலச் சாறி வாங்கி வந்தார். ஏன் இந்த நிறம் என்று டீச்சர் கேட்டதற்கு, கொஞ்ச நேரம் யோசித்து, "கடையில தொங்கிச்சி. உன்னப் போல இரிந்திச்சி" என்றாராம். டீச்சர் இதை எங்களிடம் சொல்லிச் சொல்லி ஒரு கிழமை சிரித்தார். "பொஞ்சாதி சாறி மாதிரி இரிக்கா எண்டு சொல்லலாம். சாறி பொஞ்சாதி மாதிரி இரிக்காம்! இந்த மனிசன் வாழ்க்கையில சொன்ன ஒரேயொரு சிமிலி, அதயும் தலைகீழாச் சொல்லிட்டார்." சிரித்தாரே தவிர, அந்தச் சாறியைப் பெருநாளுக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் மட்டும்தான் உடுத்தார்.

எண்பதுகள் வந்தன, யுத்தமும் வந்தது. ரோட்டில் போனவர்கள் எல்லோரும் வீடு வந்து சேராத காலம் அது. ஒரு நாள் அந்த மனிதர் வழக்கம்போல அரிசி ஏற்றிக்கொண்டு, "போறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். லொறி காட்டுப்பக்கத்து ரோட்டோரம் நின்றதைப் பிறகு அவருடைய தம்பி போய்ப் பார்த்தார். மூட்டைகள் அப்படியே இருந்தன. சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமல் இருந்தது. ஆள் இல்லை. யார் என்ன செய்தார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது, அல்லது தெரிந்தவர்கள் சொல்லவில்லை. அடக்குவதற்கு மையித்தும் கிடைக்கவில்லை.

சொந்தக்காரர்கள் தேடித் திரிந்தார்கள். ஆஸ்பத்திரி, பொலிஸ், முகாம் என்று ஓரிடமும் மிச்சமில்லை. மாதங்கள் போன பிறகு ஊர் மெல்ல மெல்ல ஒரு முடிவுக்கு வந்தது. ஆனால் அந்த முடிவை டீச்சரிடம் எப்படிச் சொல்வதென்றுதான் ஊருக்குத் தெரியவில்லை.

முதலில் மாமி ஒருவர் வந்து, "அவரு நல்ல இடத்துக்குப் போயிட்டாரு மகள்" என்றார்.

"எந்த இடம் மாமி?" என்று டீச்சர் கேட்டார்.

மாமி முந்தானையைத் தேடினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்டைக்கு 'போறன்' எண்டு சொல்லிட்டெல்லா வெளிக்கிட்டாரு. 'வாறன்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிரிந்தா…" என்று இழுத்தார்.

"அவர் எல்லா நாளும் 'போறன்' எண்டுதான் சொல்லிட்டுப் போனவர். எல்லா நாளும் வந்தவர்" என்றார் டீச்சர்.

பிறகு மரைக்கார் வந்தார், பள்ளிவாசலில் அவர்களுடைய தாய்வழிக் குடிக்குப் பொறுப்பானவர். நல்ல மனிதர். அன்றைக்கு நானும் அந்த வீட்டில் இருந்தேன். அவர் கதிரை விளிம்பில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றுவதும் திரும்பப் போடுவதுமாக, "ஆண்டவன்ட நாட்டம் புள்ள. இனி நாங்க என்ன செய்யிற? செய்ய வேண்டிய கடமையச் செஞ்சிட்டா அவருக்கும் நல்லம், உங்களுக்கும் நல்லம்" என்றார்.

"என்ன கடமை?"

"அதான்… பொம்புளைகள்ற கடமை."

அவர் சொன்னது இத்தாவை. கணவர் மௌத்தாகிவிட்டால், அதாவது இறந்துவிட்டால், எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, நகை கழற்றி, வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். டீச்சர் காதில் தோடு மின்ன, மஞ்சள் பூப்போட்ட சாறியில் நின்றார்.

"மரைக்கார் மாமா, அவர் மௌத்தாகிட்டாரா?"

மரைக்கார் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "அப்பிடி நாங்க எப்பிடி வாயால சொல்ற புள்ள?" என்றார்.

"வந்த ஆக்கள் எல்லாம் போயிட்டார் எண்டுதான் சொல்றாங்க, நாட்டம் எண்டுதான் சொல்றாங்க. மௌத்து எண்டு சொல்ல ஒருத்தருக்கும் வாயில்ல. ஆரும் சொல்லாத மௌத்துக்கு நான் என்னத்துக்கு இத்தா இரிக்க?"

அவர் குரல் உயரவில்லை. வகுப்பில் விடை தெரியாமல் நிற்கிற பிள்ளையிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார். மரைக்கார் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனார். எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது. 

டீச்சர் பாடசாலைக்கு வருவதை நிறுத்தவேயில்லை. பாடத்திட்டத்தில் யூஃபமிசம் வரும் தவணையும் வந்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் வெண்டிக்காய் நறுக்கக் காட்டிக்கொண்டிருந்தேன். மற்றப் பக்கம் ஒரு பிள்ளை எழும்பி, ஆங்கிலத்தில் ஆட்கள் 'செத்தார்' என்று சொல்லாமல் 'கடந்து போனார்' என்று சொல்வார்களாம் என்று உதாரணம் சொல்லத் தொடங்கி, நடுவில் யாரிடம் சொல்கிறோம் என்று விளங்கி, நின்றுவிட்டது. என் பிள்ளைகளின் கத்திகளும் நின்றன. "சொல்லுங்க புள்ள. சரியான உதாரணம்தானே" என்றார் டீச்சர். பிள்ளை விம்மத் தொடங்கியது. டீச்சர் கரும்பலகையில் அந்த உதாரணத்தைத் தானே எழுதினார். மணி அடிக்கும்வரை எங்கள் பக்கம் திரும்பவில்லை.

ஊர் எத்தனை நாளைக்குப் பொறுக்கும்? கலர் சாறி உடுத்துக்கொண்டு ரோட்டில் போகிறாள் என்றார்கள். படித்த திமிர் என்றார்கள். இன்னொரு கல்யாணத்துக்குப் பார்க்கிறாளோ என்றும் ஒரு பெருநாக்கு சொல்லி, அது என் காதில் விழுந்து, அந்த நாக்குக்கு நான் சந்தியில் வைத்துக் கொடுத்த கொடை இன்றைக்கும் சிலருக்கு நினைவிருக்கும். டீச்சர் கணவரைப் பற்றி எப்போதும்போலவே பேசினார். "அவருக்குக் கணவாய்க் கறி எண்டாப் பைத்தியம்" என்பார். "அவர் கோப்பிதான் குடிக்கிறவர்" என்பார். ஒரு நாளும் 'குடித்தவர்' என்று அவர் வாயில் வரவில்லை. இலக்கணம் தெரிந்த ஆள், தவறி வந்திருக்காது.

அப்படியே வருஷங்கள் போயின. டீச்சருக்கு ஒரேயொரு மகள், அவளும் கல்யாணத்துக்கு வளர்ந்துவிட்டாள். நல்ல பையனாகக் கிடைத்தான், தபால் கந்தோரில் வேலை. வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தார்கள், பந்தல் போட்டார்கள். வாப்பாவின் இடத்தில் நின்று பெண்ணைக் கொடுக்கச் சாச்சா இருந்தார், லொறியைப் போய்ப் பார்த்த அந்தத் தம்பி. அதற்கு மேல் ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்க வேண்டி வராது என்று நினைத்தார்கள்.

நிக்காஹ் அசர் தொழுகைக்குப் பிறகு. ஹோலில் பாய் விரித்து ஆண்கள், திரைக்கு இந்தப் பக்கம் அறையில் மணப்பெண்ணோடு நாங்கள். டீச்சர் அந்த மயில்நீலச் சாறியில் இருந்தார். நிக்காஹ் ஓத வந்த லெப்பை பள்ளிவாசலுக்குப் புதியவர், வெளியூர்க்காரர், சின்ன வயது, கண்டிப்பான ஆள். பெண்ணுடைய வாப்பா எங்கே என்று கேட்டார்.

"காக்கா இல்ல ஹஸ்ரத். அவர் இல்லாத குறைக்கு நான் நிக்கிறன்" என்றார் சாச்சா, தன் அண்ணனைக் குறித்து.

அந்த நாட்களில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார்கள். லெப்பை அதைத்தான் நினைத்தார். "ஆ, சவூதியா? அப்ப உங்கள நியமிச்சு அவர் ஒரு கடிதம் அனுப்பியிரிப்பாரே. அதத் தாங்க."

"சவூதி இல்ல ஹஸ்ரத். அவரு… போயிட்டாரு."

"அதான் கேக்கிறன், எங்க போயிட்டாரு? குவைத்தா?"

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு விடலை சிரித்துவிட்டு உடனே இருமினான். லெப்பைக்கு ஏதோ மறைக்கிறார்கள் என்று பட்டிருக்க வேண்டும். குரலை உயர்த்தினார். "இதுல விளையாட ஏலா. வாப்பா ஹயாத்தோட இரிக்கார் எண்டா, அவர்ட சம்மதம் இல்லாம சாச்சா கொடுக்க ஏலா, காழியார்ட கோட்டுக்குப் போகணும், இண்டைக்கு நிக்காஹ் இல்ல. மௌத்து எண்டா சாச்சா கொடுக்கலாம். ஹயாத்தா மௌத்தா? ரெண்டுல ஒண்டு சொல்லுங்க."

உயிரோடா, இல்லையா. அவ்வளவுதான் கேள்வி. இத்தனை வருஷத்தில் டீச்சரைத் தவிர ஒருவரும் கேட்காத கேள்வி. மரைக்கார் இருந்தார், சாச்சா இருந்தார், குடியில் உள்ள ஆண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. அறைக்குள் எல்லாப் பெண்களும் டீச்சரைப் பார்த்தார்கள். பார்க்காதவள் மகள் ஒருத்திதான். அவள் மருதாணிக் கைகளை மடியில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு, "உம்மா, கல்யாணம் இல்லாட்டியும் காரியமில்ல உம்மா" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

டீச்சர் எழும்பினார். திரைவரை போனார். திரையைத் தொடவில்லை. தொண்டையைச் செருமினார், பாடம் தொடங்கும் முன் செருமுவதுபோல.

"மௌத்து ஹஸ்ரத்" என்றார். "புள்ளைட வாப்பா மௌத்து."

வெளியே, மௌத்துச் செய்தி கேட்டால் ஓதுகிற "இன்னா லில்லாஹி"யை ஆண்கள் மெதுவாக ஓதுவது கேட்டது. பிறகு நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை ஒப்புக்கொண்டதும் பெண்கள் குரவையிட்டார்கள்.

குரவை முடியுமுன் டீச்சர் என் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப் போனார். தோடுகளைக் கழற்றி என் கையில் தந்தார். "வெள்ளச் சாறி ஒண்டு வேணும் கா" என்றார். எனக்கு விளங்க நேரமெடுத்தது. பின்னால் வந்த மாமி பதறிப்போனார். "கல்யாண ஊட்டுல என்ன வேல மகள் இது? எத்தின வருஷம் போயிட்டு! இத்தாட காலமெல்லாம் எப்பவோ முடிஞ்ச கணக்கு. லெப்பையிட்டயும் வேணுமெண்டாக் கேட்டுப் பாரு."

"உங்களுக்கு முடிஞ்சிரிக்கும் மாமி" என்றார் டீச்சர். மயில்நீலச் சாறியின் ஊசியைக் கழற்ற அவர் விரலுக்கு முடியவில்லை. நான்தான் கழற்றினேன். அப்போதுதான் அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதார்.

என் வீட்டுக்கு ஆளனுப்பி வெள்ளைச் சாறி எடுப்பித்து, உடுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். பந்தலில் சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பக்கத்துப் பெண் ஒருவர், தூரத்து ஊர், என்னை நிறுத்திக் கேட்டார்.

"பொண்ணுட உம்மாவ எங்க, காணல்லயே?"

"இத்தா இரிக்கா" என்றேன்.

அவர் கையிலிருந்த சோற்றைத் திரும்ப வைத்தார். "அல்லாஹ்வே! பொண்ணுட வாப்பா எப்ப மௌத்து?"

"இண்டைக்கு" என்றேன்.